வலது பூட்ஸில் தண்ணீர்

பனிக்கு அடியில் ஓடை இருப்பது எப்சிபாவுக்குத் தெரியாது. மலையேற்றக் கூட்டத்தில் முன்னால் போன பதினோரு பேரும் அதே வெள்ளையின் மேல்தான் மிதித்துப் போயிருந்தார்கள். பதினோரு பேரையும் தாங்கிய பனி, பன்னிரண்டாவதாக வந்த அவளுடைய வலது காலுக்கு மட்டும் அப்பளம் மாதிரி நொறுங்கி வழிவிட்டது. கணுக்காலுக்கு மேலே வரைக்கும் உள்ளே போய், கீழே இருட்டில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீரில் முங்கி, அவள் ஐயோ என்று சொல்வதற்குள் கால் வெளியே வந்தும் விட்டது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றாள். முன்னால் பார்த்தாள். அவளோடு ஒரே கூடாரத்தில் படுக்கிற புனேக்காரப் பெண் கௌரியின் முதுகுப்பை தேவதாரு மரங்களுக்கு நடுவில் திரும்பி மறைந்துகொண்டிருந்தது. பின்னால் பார்த்தாள். எல்லோருக்கும் கடைசியில் வரவேண்டிய வழிகாட்டி பல்வந்த், மரத்துக்குப் பின்னால் ஒதுங்கப் போனவர், இன்னும் வரவில்லை. யாரும் பார்க்கவில்லை. நல்லவேளை என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான், இன்னாடி நல்லவேளை, யாரும் பாக்காததுல இன்னா நல்லவேளை, என்று தன்னையே கேட்டாள். கேட்டுக்கொண்டே கைத்தடியால் பக்கத்துப் பனியை இழுத்து அந்தக் குழியை மூடினாள். மூடிவிட்டுப் பத்தடி நடந்த பிறகு, ஐயோ, பின்னால வர்றவரு அதுல கால வெச்சுட்டா என்று நின்றாள். திரும்பிப் பார்த்தபோது பல்வந்த் வந்துகொண்டிருந்தார். அந்த இடத்தில் ஒரு கணம் குனிந்து பார்த்தார், ஒதுங்கி, சுற்றிக்கொண்டு வந்தார். "டீக் ஹை, தீதி?" என்று கேட்டார். நல்லா இருக்கீங்களா அக்கா என்று அர்த்தம். "டீக்," என்றாள்.

நடந்தாள். பூட்ஸுக்குள் தண்ணீர் விரல் பக்கம் ஓடி, குதிகாலைத் தூக்கும்போது திரும்பி வந்து, ஒவ்வோர் அடிக்கும் சளக் சளக் என்றது. பின்னால் வருகிறவருக்குக் கேட்குமோ. கேட்காது, பனியை மிதிக்கிற சத்தமே பெரிசா இருக்குது, சவ்வரிசி மூட்டையை மிதிக்கிறாப்ல. குளிரவில்லை. எரிந்தது. கொதிக்கிற தண்ணீரில் காலை விட்ட மாதிரி எரிந்து, எரிச்சல் மேலே ஏறி ஆடுசதையைக் கவ்வியது. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து மேல்கூடாரம் இரண்டரை மணி நேரம் என்று சொல்லியிருந்தார்கள். அதில் அரை மணி போயிருக்கும். மீதி இரண்டு மணி நேரம். சமாளிக்கலாம். கூடாரத்தில் போய்க் கழற்றி, காயவைத்து, ஒருத்தருக்கும் தெரியாமல். காய்ந்த சாக்ஸ் ஒன்று எப்போதும் கூடவே வரும் சின்னப் பையில் இருக்கவேண்டும் என்று தலைமை வழிகாட்டி நேகி முதல் நாளே சொன்னார். பெரிய மூட்டை கழுதை மேல் போய்விடும், சின்னப் பை உங்கள் முதுகில் இருக்கும், சாக்ஸ் அதில் இருக்கட்டும் என்றார். வைத்திருந்தாள். இன்று காலையில் கூடாரத்தின் உள்பக்கமெல்லாம் பனித்துளி உறைந்து கிடந்ததைப் பார்த்த பயத்தில் அதையும் எடுத்து முதல் சாக்ஸுக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். இப்போது இரண்டும் நனைந்துவிட்டன. அதுவும் யார் செய்த வேலை? இருபத்திரண்டு வருஷமாக ஆம்பூரில் ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிற எப்சிபா செய்த வேலை. புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு அவள்தானே சொல்லிக்கொடுப்பாள். விரலுக்கு முன்னால ஒரு கட்டைவிரல் அகலம் காலியா இருக்கணும் பாப்பா, அந்தக் காத்துதான் சூட்டைப் புடிச்சு வெக்கும், இறுக்கிப் போட்டா ரத்தம் போகாது, ரத்தம் போகலன்னா எந்தக் கம்பளி போட்டும் புண்ணியமில்ல. அவ்வளவு பேசின வாய்தான். காலையில் இரண்டு சாக்ஸ் மேல் பூட்ஸ் நாடாவை இழுத்து இழுத்துக் கட்டும்போது வாயைத் திறக்கவில்லை.

இந்த பூட்ஸே அவளுக்குப் பிடிக்கவில்லை. கீழே ஊரில் வாடகைக்குக் கொடுத்தபோது, கை பழகின பழக்கத்தில், திருப்பிப் பிடித்து மேல்தோலும் அடியும் சேருகிற விளிம்பில் நகத்தை ஓட்டினாள். வலது பக்கம், சுண்டுவிரல் வருகிற இடத்தில், பசை விட்டிருந்தது. கம்பெனியாக இருந்தால் ஓர் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட் பெட்டியில் போட்டிருப்பாள், இரண்டாவது தடவை பார்த்திருக்கவே மாட்டாள். இங்கே அத்தனை பேர் வரிசையில் நிற்க, மாற்றிக்கொடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்கத் தெரியாமல் இல்லை. தெரியும். ஆனால் அவளுடைய இந்தி இந்தியில்லை, ஆம்பூர் உருது. பதினோரு வருஷம் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்த ஷமீமிடமிருந்து, சாப்பாட்டு டப்பாவில் இருந்து குழம்பு எடுத்துக்கொண்ட மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. முதல் நாள் சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தபோது நேகி சூப் வேண்டுமா என்று கேட்டார், இவள் இயல்பாக "மேரேகு நக்கோ பா" என்றாள். எனக்கு வேண்டாம்பா. அவ்வளவுதான். ஒரே சிரிப்பு. கெட்ட சிரிப்பு ஒன்றுமில்லை, எல்லாம் நல்ல பிள்ளைகள், படித்த பிள்ளைகள், ஆசையாகத்தான் சிரித்தார்கள். இன்னொரு தரம் சொல்லுங்க ஆன்ட்டி என்றார்கள். கௌரி தோளில் கைபோட்டுக்கொண்டாள். அப்புறம் நக்கோ ஆன்ட்டி என்று பேரே வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எப்சிபாவிடம் நாலு சொல்தான் மிச்சம். டீக், சரி. ஹாங், ஆமாம். பானி, தண்ணீர். பஸ், போதும். நாலு சொல்லை வைத்துக்கொண்டு மூன்று நாள் ஓட்டிவிட்டாள். மனுஷனுக்கு அதுக்கு மேல எதுக்கு என்றுகூட நேற்று நினைத்தாள். நேற்று கால் நனையவில்லை.

எரிச்சல் குறைந்து குடைச்சல் ஆரம்பித்தது. எலும்புக்குள்ளே யாரோ திருகாணி போட்டுத் திருகுகிற மாதிரி. சொல்லலாமா. சொன்னால் என்ன ஆகும். சிரிக்கமாட்டார்கள். பதறுவார்கள். அதுதான் தாங்காது. பதினோரு பேரும் நிற்பார்கள், நேகி மேலேயிருந்து இறங்கி ஓடிவருவார், கௌரி ஆன்ட்டி ஆன்ட்டி என்பாள், யாராவது அவளைக் கீழே கூட்டிப்போகவேண்டும், நாளைக்கு உச்சிக்குப் போகிற அத்தனை பேருடைய நாளும் இந்த ஒரு காலைச் சுற்றி நிற்கும். நாற்பத்தாறு வயசில் எதற்கு வந்தீர்கள் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள், எல்லோர் முகத்திலும் இருக்கும். எதற்கு வந்தாள்? அவளுக்கே இப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் பனி பூட்ஸ் செக் பண்ணினாள். உள்ளே ரோமம் வைத்தது, நாக்கு இரண்டு பக்கமும் தைத்தது, தண்ணீர்த் தொட்டியில் ராத்திரி முழுக்க நிற்கவைத்துக் காலையில் உள்ளே இருக்கிற காகிதம் நனைந்ததா என்று பார்ப்பார்கள். ஆம்பூர் வெயிலில், தலைக்கு மேலே அனல் காற்றை விசிறுகிற மின்விசிறிக்குக் கீழே நின்று, ஜாக்கெட் முதுகெல்லாம் நனைய, பனிக்காகச் செய்த பூட்ஸுக்குள் கையை விட்டு விட்டுப் பார்த்தாள். உள்ளே அவ்வளவு மெத்தென்று இருக்கும். எந்தக் காலுக்கோ. ஒருமுறை வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு ஜோடி திரும்பி வந்தது, தையல் விட்டதென்று யாரோ கொஞ்ச நாள் போட்டு நடந்துவிட்டு அனுப்பியது. உள்ளே கையை விட்டு அடி அட்டையை வெளியே எடுத்தாள். அதில் ஒரு கால் இருந்தது. அஞ்சு விரலும் அழுந்தி, கறுத்து, பெருவிரல் பெரிய பொட்டாக, சுண்டுவிரல் மிளகு மாதிரி. ஆணோ பெண்ணோ தெரியாது. ஒரு மனுஷன் இதில் நின்றிருக்கிறான், எங்கேயோ போயிருக்கிறான். அன்றைக்கு அதை மேஜை டிராயரில் வைத்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் பார்த்தாள். பார்த்துட்டு இன்னா பண்ணப்போற என்று ஷமீம் கேட்டாள். ஒன்றும் பண்ணவில்லை. பனியை ஒருதரம் மிதிச்சுப் பாக்கணும் என்று மட்டும் அன்றைக்குச் சொன்னாள், ஷமீம் சிரித்தாள், அப்புறம் ஷமீம் மகளோடு இருக்க ஹைதராபாத் போய்விட்டாள், அந்த ஸ்டூலில் இப்போது ஒரு பொண்ணு காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்கிறது. வீட்டில் தம்பி ஜெபராஜ், அவன் பெண்சாதி கிரேசி, இரண்டு பிள்ளைகள். வாஷிங் மெஷின் இருக்கிற அறை அவளுடையது. ஒருத்தரும் ஒரு குறையும் வைக்கவில்லை. டெல்லியில் ட்ரெயினிங், ஒரு வாரம் என்று சொல்லிவிட்டு வந்தாள். சரிக்கா, பத்திரம், என்றான் ஜெபராஜ், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். ஆக, இந்த மலையில், இந்த மரத்தடியில் அவள் நடந்துகொண்டிருக்கிறாள் என்று இந்த உலகத்தில் அவளைத் தெரிந்த ஒரு ஜீவனுக்கும் தெரியாது.

"டீக் ஹை, தீதி?"

"டீக்."

மரங்கள் முடிந்து சரிவு வெட்டவெளியாக ஆரம்பித்தது. மேலே, ரொம்ப மேலே, கூட்டம் எறும்புச் சாரையாகப் போய்க்கொண்டிருந்தது. மேகம் இறங்கி வந்து மேலே இருந்த முகட்டை மூடியது. சின்னச் சின்னப் பொடியாகப் பனி விழத் தொடங்கியது, சத்தமே இல்லாமல். கை மேல் விழுந்த ஒன்றைப் பார்த்தாள், அது ஆறு முனையோடு அப்படியே இருந்தது, அழகாகத்தான் இருந்தது, அழகை யாரிடம் காட்டுவது என்று யோசித்துக்கொண்டே பத்து இருபது அடி போயிருப்பாள், அப்போதுதான் கவனித்தாள். வலி இல்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை. மரங்களுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடா முழுசாக வெளியே வருவதற்குள் நேகி நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்தியில் ஒருமுறையும் இங்கிலீஷில் ஒருமுறையும் சொன்னது ஞாபகம் வந்தது. வலிக்கிற வரைக்கும் பயமில்லை. வலி தானாக நின்றால் அந்த நிமிஷமே உட்காருங்கள், எங்களைக் கூப்பிடுங்கள். விரலை அசைத்துப் பார்த்தாள். அசைந்ததா? அசை என்று சொன்னாள், மேலேயிருந்து கட்டளை போனது, கீழேயிருந்து பதில் வரவில்லை. பெருவிரல் இருக்கிற மாதிரி இருந்தது. மற்ற நாலும் ஒரே துண்டாக இருந்தன, அல்லது இல்லாமல் இருந்தன. அப்பாவின் கால் நினைவுக்கு வந்தது. வேண்டாம், இப்போது அப்பாவின் கால் வேண்டாம், என்றாள். வந்துவிட்டது. அப்பா தேவசகாயம் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி இருபத்தெட்டு வருஷம் நின்றவர். சுண்ணாம்பு தின்று தின்று உள்ளங்கால் வெள்ளையாக, பூசினியின் தோல் மாதிரித் தடித்துப்போயிருந்தது. ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்குள் நடக்கிறார், டக் டக் என்று சிமெண்டுத் தரையில் சத்தம் கேட்கிறது. இன்னா சத்தம்டி அது, என்று அப்பாவே அம்மாவைக் கேட்கிறார். செருப்புகூடப் போடாத கால் எப்படிச் சத்தம் போடும் என்று அம்மா தூக்கிப் பார்த்தால் குதிகாலில் ஓர் ஆணி, தலை வரைக்கும் இறங்கியிருக்கிறது. அதோடு ஒரு மைல் நடந்து வந்திருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். எப்சிபா மட்டும் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள், பன்னிரண்டு வயசு, அந்த டக் டக் காதைவிட்டுப் போகவில்லை. அப்பா செத்தபோது புது ஷூ போட்டுத்தான் பெட்டியில் வைக்கவேண்டும் என்று அவளே கம்பெனியிலிருந்து கொண்டுவந்தாள். நுழையவில்லை. அவ்வளவு விரிந்த கால். கடைசியில் அவளே பிளேடு எடுத்து ஷூவின் பின்பக்கத்தை மேலிருந்து கீழே கிழித்தாள், முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது, சர்ச்சில் ஒருத்தருக்கும் தெரியவில்லை, எவ்வளவு லட்சணமா இருக்கார் தேவசகாயம் என்றார்கள்.

தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. அதிலேதான் என்ன ஒரு கெட்டிக்காரத்தனம் நமக்கு.

கைத்தடியால் வலது பூட்ஸின் முன்பக்கம் ஓங்கித் தட்டினாள். டொக் என்றது. சத்தம் காதுக்குத்தான் வந்தது. கம்பெனியில் தோலை இழுத்துப் பூட்டுகிற கால் அச்சுக் கட்டை இருக்கும், ஆயிரக்கணக்கில், அலமாரி அலமாரியாக, நம்பர் போட்டு. அதற்குக் குதிகால் உண்டு, வளைவு உண்டு, விரல் கிடையாது, விரல் இருக்கவேண்டிய இடத்தில் மழமழவென்று ஒரு மூக்கு. அதில் ஒன்றை முழங்காலுக்குக் கீழே மாட்டிக்கொண்டு நடப்பது போலிருந்தது. இப்போது சொல்லவேண்டும். இப்போதே. பல்வந்த் பின்னால்தான் இருக்கிறார், ஏதோ பாட்டை மூக்குக்குள்ளேயே முனகிக்கொண்டு வருகிறார். என்னவென்று சொல்வது? மரத்துப்போச்சு என்பதற்கு ஷமீம் என்ன சொல்வாள்? உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போனால், பாவ்ங் சோகயா, கால் தூங்கிவிட்டது என்பாள். அதைச் சொன்னால் இவர் சரி, தட்டுங்க எழுந்திரிச்சுடும் என்பார். இது தூக்கமில்லை. மர்கயா என்றால் செத்துவிட்டது. அது ரொம்ப அதிகம், அதைச் சொன்னால் உண்மையாகிவிடும். மரத்துப்போச்சு, மரித்துப்போச்சு, நடுவில் ஒரு சுழிதானே வித்தியாசம், அந்தச் சுழியின் எந்தப் பக்கத்தில் இப்போது நிற்கிறாள்? ஷமீமுக்கு போன் பண்ணிக் கேட்கலாம். இங்கே சிக்னல் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து ஜெபராஜுக்கு போன் போகும், உங்க அக்காவுக்கு விரல் எடுக்கணும், கையெழுத்துப் போட ஆள் வேணும் என்பார்கள், எங்க அக்கா டெல்லியில இருக்காங்க, நீங்க ராங் நம்பர் என்று அவன் வைத்துவிடுவான். அதை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு வந்தது பயமாக இருந்தது. வாக்கியத்தைத் தயார் பண்ணினாள். பாயி, மேரா பாவ்ங், மேரேகு, பானி மே. மறுபடியும். பாயி, பானி மே பாவ்ங் கயா. அண்ணே, தண்ணியில கால் போச்சு. சரி. இது போதும். திரும்பிச் சொல்லவேண்டியதுதான். அடுத்த பாறை வந்ததும் சொல்லிவிடலாம்.

பாறை வந்தது. "டீக் ஹை, தீதி?" என்று பல்வந்தே கேட்டார், அவளுக்கு வழி எடுத்துக்கொடுத்த மாதிரி. "டீக்," என்றது வாய்.

வாயை அப்படியே அறையலாம் போலிருந்தது. அவள் இன்னும் கொஞ்சம் நடந்தாள். இல்லை, கால் நடந்தது, அவள் கூடப் போனாள். இடது கால் பனியைத் தெரிந்துகொண்டு மிதித்தது, வலது கால் எங்கே போகிறது என்று ஒவ்வொரு தரமும் குனிந்து பார்க்கவேண்டியிருந்தது. பார்க்காமல் வைத்த ஓர் அடியில் கணுக்கால் மடங்கியது. விழவில்லை. கைத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள். போகவேண்டும் என்று ஒன்றும் உள்ளேயிருந்து வரவில்லை. பனி விழுந்துகொண்டிருந்தது. எறும்புச் சாரை மேகத்துக்குள் போய் மறைந்துவிட்டது. முழு மலையிலும் அவள் மூச்சும் அந்த முனகல் பாட்டும்தான் கேட்டன. பின்னால் பாட்டு நின்றது, காலடி நெருங்கியது, அவர் முன்னால் வந்து அவள் முகத்தைப் பார்த்தார். நரைத்த மீசையில் பனி ஒட்டியிருந்தது. இந்த முறை அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவள் தயார் பண்ணி வைத்த வாக்கியம் எதுவும் வரவில்லை.

"அண்ணே," என்றாள் எப்சிபா, "எனக்குக் கால் இல்லண்ணே."

தமிழ் அவருக்கு என்ன தெரியும். அவள் கைத்தடியால் வலது பூட்ஸைத் தட்டிக் காட்டினாள். "ஏ நை. பாவ்ங் நை. பானி மே கயா." அவர் கண் ஒரு நொடி மூடித் திறந்தது. தன் பையைக் கழற்றிப் பனியில் போட்டு அதன் மேல் அவளை உட்காரவைத்தார். கழுத்தில் தொங்கிய விசிலை மூன்று தடவை ஊதினார். மேகத்துக்குள்ளிருந்து பதிலுக்கு மூன்று வந்தது. அப்புறம் முழங்காலிட்டு, நாடா முடிச்சு உறைந்திருந்ததால் பல்லால் கடித்து அவிழ்த்தார். பூட்ஸைக் கவிழ்த்தபோது பனிக்குழம்பு போல ஏதோ வழிந்தது. ஒரு சாக்ஸை உரித்தார். அதற்குள் இன்னொரு சாக்ஸ். "தோ?" என்று இரண்டு விரலைக் காட்டிக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கால் வெளியே வந்தது. அவளுடைய கறுத்த காலில் முன்பாதி மட்டும் சாம்பல் பூசினது போலிருந்தது, சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் மெழுகாக வெளிறியிருந்தன. அவர் கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது, மெதுவாக மேலே வந்தது. "கல்லாகவில்லை," என்கிற மாதிரி ஏதோ சொல்லித் தலையை ஆட்டினார். அவள் குனிந்து இரண்டு கையாலும் தேய்க்கப்போனாள், அவர் சட்டென்று கையைப் பிடித்துத் தள்ளினார். தேய்க்கக் கூடாது, தோல் கையோடு வந்துவிடும், என்று சைகையிலேயே காட்டினார். பிறகு தன் கோட்டின் பொத்தானைக் கழற்றினார். அதற்குள் ஒரு ஸ்வெட்டர், அதற்குள் ஒரு காக்கிச் சட்டை, அதற்குள் கம்பளி பனியன், எல்லாவற்றையும் மேலே தூக்கி, அவள் காலை எடுத்து, தன் வெறும் வயிற்றின் மேல் வைத்து, எல்லாவற்றையும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஹே ராம்!" என்று கத்தினார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஐயோ அண்ணே, வேணாம். கால்ணே அது. நக்கோ, நக்கோ." இழுத்தாள். அவர் சட்டைக்கு மேலேயே கணுக்காலை இறுகப் பிடித்திருந்தார். விடவில்லை. "வயிறுதானே தீதி," என்றார், இந்தியில், நிதானமாக, அவளுக்குப் புரியும்படி ஒவ்வொரு சொல்லாக. "ரொட்டி போடுகிற இடம். கொஞ்ச நேரம் கால் இருக்கட்டும்." அவர் மேல் பீடி வாசனையும் விறகுப் புகை வாசனையும் ஆட்டு வாசனையும் கலந்து வந்தன. எப்சிபா எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பனியைப் பார்த்தாள். நாற்பத்தாறு வருஷத்தில் ஒரு ஆண்பிள்ளையின் உடம்பு மேல் அவள் உடம்பு பட்டதில்லை. ஜெபராஜ் குழந்தையாக இருந்தபோது தூக்கியதோடு சரி. இப்போது பட்டிருக்கிறது, பட்டதே தெரியவில்லை. சூடா, சில்லென்றிருக்கிறதா, ரோமம் இருக்கிறதா, மூச்சு விடும்போது ஏறி இறங்குகிறதா, ஒன்றும் வரவில்லை. சட்டை ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். அது அவளுக்கு விரல் போவதைவிடப் பெரிய துக்கமாகத் திடீரென்று தோன்றியது.

"மூன்று முறை கேட்டேன்," என்றார் பல்வந்த். கோபமில்லை, கணக்குச் சொன்னார். "ஓடையில் பனி உடைந்திருந்தது. அதனால்தான் கேட்டேன்."

"ஹாங்," என்றாள்.

"ஏன் சொல்லவில்லை?"

அவள் யோசித்தாள். ஷமீமின் உருதுவில் இருந்த சொல்லையெல்லாம் கிளறிப் பார்த்தாள். "ஆதத் நை," என்றாள். பழக்கமில்லை. அவர் அதை வாங்கிக்கொண்ட மாதிரி மெல்லத் தலையசைத்தார். ஊரில் என்ன வேலை என்று கேட்டார். பூட்ஸ் செய்கிற இடத்தில் என்றாள். பனி பூட்ஸா என்றார். ஆமாம் என்றாள். அவர் பக்கத்தில் வாயைத் திறந்து கிடந்த ஈர பூட்ஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தன் காலில் இருந்த முழங்கால் உயர ரப்பர் பூட்ஸைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். மீசை துடித்தது. எப்சிபாவுக்கும் உதடு கோணிக்கொண்டு வந்தது, அடக்கினாள்.

பத்து நிமிஷம் போயிருக்கும், பதினைந்து இருக்கலாம். விரலை அசையுங்கள் என்றார். அசைத்தாள், அதாவது அசை என்று நினைத்தாள். ஒன்றுமில்லை. மறுபடியும் என்றார். கண்ணை மூடிக்கொண்டு, சுண்டுவிரலே, பக்கத்து விரலே, என்று ஒவ்வொன்றாக, வராத பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டாள். பதில் வரவில்லை. போச்சு, என்று நினைத்தாள். சரி, போகட்டும், இரண்டு விரல்தானே, எட்டு விரலோடு செக்கிங் டேபிளில் நிற்கலாம், நிற்க விரலா வேணும். அப்போது பல்வந்த் ஹ்ஹீ என்று ஒரு சத்தம் போட்டு ஒருபக்கமாக நெளிந்தார். அவள் பயந்துபோய்க் கண்ணைத் திறந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கிய மனுஷன், கூச்சம் தாங்காத பிள்ளை மாதிரி வயிற்றைக் குறுக்கிக்கொண்டு, "அசைகிறது தீதி! அசைகிறது! கிச்சுக்கிச்சு மூட்டுகிறது!" என்றார். அவளுக்குத் தெரியவே இல்லை. அவள் விரல் அசைவது அவளுக்குத் தெரியாமல் அவருக்குத் தெரிந்தது. நம்பாமல் இன்னொரு தரம் அசைத்தாள். அவர் மறுபடியும் நெளிந்தார், "பஸ், பஸ்" என்றார். அவள் நிறுத்தவில்லை.

அப்புறம் வலி வந்தது. முதலில் ஓர் ஊசி, தையல் மெஷின் ஊசி போல ஒரே இடத்தில், பிறகு இன்னொன்று, பிறகு கம்பெனியில் இருக்கிற எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் அந்த ஐந்து விரல் மேல் ஓட ஆரம்பித்தன. எப்சிபா அலறினாள். அம்மா என்றாள், அப்பா என்றாள், ஏசுவே என்றாள், அந்த மனுஷனின் தோளில் மாறி மாறிக் குத்தினாள். "ரோவ், ரோவ்," என்றார் அவர், அழுங்க, அழுங்க, நல்லது, ரொம்ப நல்லது. காலை விடாமல் பிடித்துக்கொண்டு, திருமண வீட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி முகமெல்லாம் மலர்ந்திருந்தார். அவள் அழுதாள். காலுக்காக ஆரம்பித்த அழுகை எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. சுண்டுவிரல் நகம் கறுத்து, ஒரு மாசம் கழித்து ஆம்பூரில் வாஷிங் மெஷின் அறையில் தானாகக் கழன்று விழப்போவதும், இது இன்னாக்கா என்று ஜெபராஜ் கேட்க, டிவியை நிறுத்துடா சொல்றன் என்று அவள் முதலிலிருந்து சொல்லப்போவதும் அப்போது அவளுக்குத் தெரியாது. விரல் ஐந்தும் இருந்தன. ஐந்தும் தனித்தனியாக வலித்தன. அது மட்டும் தெரிந்தது.

பல்வந்த் கோட்டின் உள்பையிலிருந்து தன்னுடைய முரட்டுக் கம்பளிச் சாக்ஸை எடுத்தார், உடம்புச் சூடு அதில் அப்படியே இருந்தது. அதைப் போட்டு, ரொட்டி கட்டிவந்த பிளாஸ்டிக் பையை உதறி அதன் மேல் மாட்டி, ஈர பூட்ஸுக்குள் காலை நுழைத்து, நாடாவைத் தளர்வாகக் கட்டினார். இப்போது அவர் பின்னால் வரவில்லை, முன்னால் போனார். புதுப்பனியில் ரப்பர் பூட்ஸை ஆழமாக அழுத்தி, அவளுக்கு எட்டும்படிக் கிட்டக்கிட்ட குழி போட்டுக்கொண்டே ஏறினார். அவள் ஒவ்வொரு குழியிலும் காலை வைத்தாள். இடது. வலது. வலது கால் படுகிறபோதெல்லாம் ஆ என்று வாய்விட்டுக் கத்தினாள், ஒளிக்கவில்லை, ஒளிக்கத் தோன்றவும் இல்லை. அவள் ஒவ்வொரு முறை ஆ என்றபோதும், திரும்பிப் பார்க்காமலே, அவர் "ஹாங்" என்றார். மேகத்துக்குள்ளே முன்னால் எது இருக்கிறதென்று தெரியவில்லை. ஆ, என்றாள் எப்சிபா. ஹாங், என்றது மேலேயிருந்து.